அறைக்குள் உலோகம்

மூளையின் காந்த அலைகளை அளக்கும் அறைக்குள் உலோகம் கூடாது; ஒரு ஊசி இருந்தாலும் அலை குழம்பிவிடும். ஆய்வுக்காக ஏழு இலக்கங்களை ஞாபகம் வைத்துச் சொல்ல வந்த சரோஜினிதேவி, தாலிக்கொடியையும் கழற்றிவிட்டுத்தான் கருவிக்குள் தலையை வைத்திருந்தார். பக்கத்தில் நின்று பேராசிரியர் நாகேந்திரம் இலக்கங்களை வாசித்தார். வெளியே திரையில் அலை தாறுமாறாகத் துள்ளியது.

"ஒரு ஊசியைக்கூடப் பார்க்கத் தெரியாத உமக்கு ஆர் பட்டம் தந்தது?" என்று திரைக்கு முன்னால் இருந்த உதவியாளர் ஹபீலாவிடம் அவர் மைக்கில் சீறினார். "இண்டைக்கும் பிழைச்சால் நாளைக்கு வேலைக்கு வரவேண்டாம்!"

அவள் அறைக்கு வெளியே இருந்தும், அவளுடைய ஹிஜாப் ஊசியையும் கழற்ற வைத்தார். அலை அடங்கவில்லை.

"சேர், நீங்க கொஞ்சம் வெளியே வாங்க."

அவர் வந்தார். அலை அடங்கியது. திரும்பப் போனார். துள்ளியது.

ஹபீலா எழுந்து உள்ளே போனாள். "ஒங்கட உடம்புல என்ன சேர் இரிக்கிது?"

நாகேந்திரம் தயங்கித் தயங்கிச் சட்டையைத் தூக்கினார். இடுப்பில் கறுப்புக் கயிறு, அதில் இரும்புத் தாயத்து.

"மெஷின் பிழைக்கக் கூடாதெண்டு மந்திரிச்சுக் கட்டினது" என்றார் மெதுவாக. "இதை மறந்திடும், பிள்ளை."

கருவிக்குள்ளிருந்து சரோஜினிதேவியின் குரல் கேட்டது: "எனக்கு ஏழு இலக்கமும் ஞாபகம் இருக்கு, சேர். இதுவும் இருக்கும். முதல்ல என்ர தாலியைத் தாங்கோ!"