நடுரோட்டில் படுத்தவர்

“உங்க வீட்டுக்காரரு நடுரோட்டுல படுத்துக்கிட்டிருக்காரு. சொல்லவே எனக்கு நாக்கு கூசுது.”

மாடி வீட்டு அக்காதான் போனில். நாக்கு கூசியதாக ஒன்றும் தெரியவில்லை.

பல் டாக்டர் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் வேலைக்கு அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தாள் அவள். எதிரே, கன்னம் வீங்கிய ஒருவர் டோக்கனுக்குக் கை நீட்டிக்கொண்டு நின்றார்.

“எங்கே?”

“பெரிய சிக்னல்ல. பஸ்ல இருந்து பார்த்தேன். காலை நீட்டிக்கிட்டு மல்லாந்து... சுத்தி ஒரே கூட்டம். அதுவும் மூணு...”

“மூணா? காலங்காத்தால மூணு பாட்டிலா?”

“அய்யோ, அதில்லம்மா, நான் சொல்ல வந்தது...”

போனை வைத்துவிட்டாள். உடம்பெல்லாம் எரிந்தது. ஆறேழு மாதமாகக் குடியைத் தொடாத மனுஷன். ‘இனிமே தொட்டேன்னா நீயும் பொண்ணும் என்னை விட்டுட்டுப் போயிடுங்க’ என்று அவனே வாயால் சொன்னவன்.

மறுபடி போன். இந்த முறை அண்ணன்.

“மாப்பிள்ளை சிக்னல்ல படுத்துக் கிடக்காராமே! எங்க ஆபீஸ்ல ஒருத்தன் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான். இந்தத் தடவை சமாதானம் கிமாதானம் எல்லாம் கிடையாது. பொண்ணைக் கூட்டிக்கிட்டு நேரா நம்ம வீட்டுக்கு வந்துடு.”

“வர்றேண்ணா. அதுக்கு முன்னாடி அந்த மனுஷனை நாலு வார்த்தை கேட்டாத்தான் என் மனசு ஆறும்.”

அடுத்து மருந்துக்கடைக்காரர். “அம்மா, நம்ம சாரு...”

“தெரியும்!” என்று கத்திவிட்டு வைத்தாள். கன்னம் வீங்கியவர் பயந்துபோய்க் கையை இழுத்துக்கொண்டார்.

டாக்டரிடம் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தாள். சிக்னலில் கூட்டம் இல்லை. அவனும் இல்லை.

“இங்கே படுத்துக்கிட்டிருந்தவரா? பிரஸ்ஸுக்குன்னு சொல்லிட்டுப் போனாரு” என்று சிரித்தார் டிராபிக் போலீஸ்காரர்.

அந்தச் சிரிப்பு அவளை இன்னும் கொதிக்க வைத்தது. ஆட்டோவை பிரஸ்ஸுக்கு விடச் சொன்னாள். பிரஸ்ஸில் அவன் பேப்பர் வெட்டும் மெஷினில் நிற்பவன். போதையில் நின்றால் விரல் மிஞ்சாது.

பிரஸ் வாசலில் கூட்டம். இடித்துத் தள்ளிக்கொண்டு நடுவே நுழைந்தாள்.

அவன் படுத்துத்தான் இருந்தான். ஆனால் ஒரு சைக்கிளில். முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்று மூன்று சக்கரம். தரையை ஒட்டி ஒரு சாய்வு நாற்காலி. நீட்டிய கால்களுக்கு நேரே பெடல். பின்னால் ஒரு கம்பில் ஆரஞ்சு நிறக் கொடி வேறு.

“ஊதுங்க!”

“என்னது?”

“வாயை ஊதுங்கன்னேன்!”

ஊதினான். பற்பசை வாசனைதான் வந்தது. அவள் கோபம் எங்கே போவதென்று தெரியாமல் சைக்கிள் மேல் பாய்ந்தது.

“பைக் எங்கே?”

“அதைக் கொடுத்துட்டுத்தான் இதை வாங்கினேன்.”

“சர்வீஸுக்கு விட்டிருக்கேன்னீங்க?”

“பொய். சொல்லியிருந்தா விட்டிருப்பியா?”

“ஊரே கைகொட்டிச் சிரிக்குது! கல்யாண வயசுல பொண்ணு இல்லாட்டியும், பள்ளிக்கூடம் போற பொண்ணு இருக்கில்ல? அவ தலைநிமிர்ந்து நடக்க வேண்டாமா? இதுக்கு நீங்க குடிச்சே தொலைஞ்சிருக்கலாம்!”

சுற்றி நின்றவர்களின் சிரிப்பு சட்டென்று நின்றது. ஒவ்வொருவராக உள்ளே நழுவினார்கள். சொன்ன பிறகு அவளுக்கே சுருக்கென்றது. ஆனாலும் கோபம் இறங்கவில்லை.

அவன் கையை ஊன்றி, தத்தளித்து எழுந்தான்.

“முந்தாநேத்து பார் வரைக்கும் போயிட்டேன்” என்றான், குரலைத் தாழ்த்தி.

சாய்ந்திருந்த கொடியை நிமிர்த்திக்கொண்டே மேலும் சொன்னான்.

“பின்னாடி சந்துல பைக்கை விட்டேன். அங்கே வரிசையா பைக்குங்க. என்னோடது எதுன்னு யாருக்குத் தெரியும்? கதவுல கை வெச்சுட்டேன். எப்படியோ திரும்பி வந்துட்டேன். அடுத்த தடவை திரும்புவேனான்னு எனக்கே நம்பிக்கையில்ல.”

“அதுக்கும் இந்தக் கண்றாவிக்கும் என்ன சம்பந்தம்?”

“இது அந்தச் சந்துல நுழையாது. வாசல்லதான் நிக்கணும்.”

அவள் கைப்பையில் போன் மறுபடி அலறியது. மாடி வீட்டு அக்கா. எடுக்காமலே துண்டித்தாள்.

“காலையிலேர்ந்து எத்தனை போன் வந்துச்சு?” என்று கேட்டான்.

“எடுத்து எடுத்துக் கையே வலிக்குது! ஏன் கேக்கறீங்க?”

“சும்மா சிக்னல்ல நின்னதுக்கே ஊரு உனக்கு இத்தனை போன் பண்ணுது. இந்த வண்டி பார் வாசல்ல நின்னா எத்தனை பேர் பண்ணுவாங்க! அதுக்குத்தாண்டி வாங்கினேன்.”