ஒரு விசில் போதும்

மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையில், ஆம்பளைகள் வீட்டில்.

திலீப் நேற்று குடித்துவிட்டு வந்து மனைவி ஜெயஸ்ரீயின் உதட்டைக் கிழித்துவிட்டான். அக்கம்பக்கத்துப் பெண்கள்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்த் தையல் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஊரே பேசியது. சும்மா இருந்தால் அசிங்கம் என்று திருவொற்றியூர்க் குப்பத்துச் சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள்.

நாற்காலியெல்லாம் எடுத்துப் போட்டவன் திலீப்.

தலைவர் ரகுபதி மைக்கைப் பிடித்தார். சொந்தமாக விசைப்படகு வைத்திருப்பவர். குரலும் அதே அளவு.

"பொம்பள மேல கைய வைக்கிறவன் ஆம்பளயே கெடையாது!"

கைதட்டல். திலீப்பும் தட்டினான்.

"இப்ப இன்னா முடிவுன்னா, ஜெயஸ்ரீ கையில ஒரு விசில் குடுத்துடுவோம். அவன் கை ஓங்குனா ஊதணும். சத்தம் கேட்டா அக்கம்பக்கத்துல கீற ஆம்பளைங்க அத்தினி பேரும் ஓடியாந்து நிக்கணும். கேட்டும் கேக்காத மாதிரி படுத்துகினு கீறவனுக்கு ஊர்க் கட்டுப்பாடு!"

கிருஷ்ணப்பன் எழுந்தார். "தலைவரே, ரோட்ல போற கன்டெய்னர் லாரி சத்தத்துல விசில் எங்க கேக்கப்போவுது?"

"மேட்ச் நேரத்துல ஊதுனா இன்னா பண்றது?" என்றது ஒரு குரல்.

"ஊதறதுக்கு முன்னாடி ஒரு போன் அடிச்சுச் சொன்னா வசதியா இருக்கும்" என்றது இன்னொன்று.

அதற்காக வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிக்க முடிவானது. 'வீரமங்கை' என்று பெயர் வைப்பதா, 'கடலோரக் காவல்' என்று வைப்பதா என்பதில் பெரிய சண்டை. குரூப்பில் பெண்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தார்கள்.

கடைசி வரிசையில் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த ஜெயஸ்ரீ எழுந்தாள். "நான் இன்னா சொல்றேன்னா..."

"நீ பேசாத தாயி, தையல் பிரிஞ்சுடும்" என்றார் ரகுபதி, ரொம்ப அக்கறையாக.

அவள் உட்கார்ந்துவிட்டாள்.

செயலாளர் மனோகரன் ஒரு பையை மேசைமேல் வைத்தார். "கடக்காரன் ஒரு விசில் தனியா தர மாட்டேன்னுட்டான் தலைவரே. பாக்கெட்டாத்தான் குடுத்தான்."

"இத்தினி இன்னாத்துக்கு? நம்ம குப்பத்துல ஒரே ஒரு வூட்லதான் இந்த கலீஜ். ஒரு விசில் போதும்." ரகுபதி சிரித்தார். "சரி, வாங்கியாந்துட்ட. வேற யாருக்குனா வேணும்னா வந்து எடுத்துக்கட்டும்."

ஆண்களும் சிரித்தார்கள். ஜெயஸ்ரீ வந்து ஒன்றை வாங்கிக்கொண்டாள்.

எல்லோருக்கும் டீ கொடுத்துக்கொண்டிருந்த கன்னியம்மா தட்டைக் கீழே வைத்தாள். தலைவரின் மனைவி. மேசைக்கு வந்தாள். பைக்குள் கையை விட்டு ஒரு விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

"உனுக்கு இன்னாத்துக்குடி அது?"

மைக் போட்டபடி இருந்தது. கூடம் முழுக்கக் கேட்டது.

"வேணும்றவங்க எடுத்துக்கலாம்னு நீதான சொன்ன?"

"வூட்டுக்கு வா, உன்ன..."

பேச்சோடு பேச்சாக ரகுபதியின் கை மேலே போய்விட்டது. பழக்கம்.

கன்னியம்மா ஊதினாள்.

ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து ஓடி வந்தவள் ஜெயஸ்ரீதான். கன்னியம்மாவை மறைத்துக்கொண்டு தலைவருக்கு எதிரில் நின்றாள். உயர்ந்த கை எங்கே போவது என்று தெரியாமல் மெதுவாக இறங்கியது.

பின்னால் நாற்காலிகள் நகரும் சத்தம். பெண்கள் ஒவ்வொருத்தியாக எழுந்து வந்தார்கள். ஒருத்தியும் தன் புருஷன் பக்கம் திரும்பவில்லை. பையில் கையை விட்டார்கள், எடுத்தார்கள், மாட்டிக்கொண்டார்கள்.

மனோகரன் பையைக் கவிழ்த்து உதறிப் பார்த்தார். பிறகு தலைவரின் காதருகே குனிந்து கவலையோடு சொன்னார்.

"பத்தல தலைவரே. என் வூட்டுக்காரிக்குக் கெடைக்கல."