அடியில் நாலடி

மூடியைத் திறந்தால் முகம் தெரிகிற அளவுக்குத் தொட்டி நிறைந்து கிடந்தது. தீப்பிடித்தால் அது போதாது என்கிறாள், தீயணைப்புத் துறையிலிருந்து சோதிக்க வந்த இந்தப் பெண்.

விடுதி மேலாளருக்குத் தலை சுற்றியது.

திங்கட்கிழமை விடுதியின் மேல் இரண்டு மாடியையும் திறந்தாக வேண்டும். வேலைக்குப் போகிற எண்பது பெண்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறார்கள். இவள் கையெழுத்துப் போட்டால்தான் சாவி.

அவள் டேப்பைச் சுருட்டினாள். மோட்டார் மேலே நின்றாலும், தண்ணீரை அள்ளுகிற சக்கரங்கள் நீளக் குழாயின் அடியில் இருக்கின்றன. அவை முங்கியே இருக்க வேண்டும் என்றாள். மட்டம் நாலடிக்கு இறங்கினால் சுழி விழும். பம்பு காற்றைக் குடிக்கும். மேலே ஒரு சொட்டு ஏறாது.

ஆகவே தொட்டியில் நிற்கிற பன்னிரண்டு அடியில் அந்த நாலடி சேர்த்தி இல்லை. மிச்சம் எட்டு. விதிப்படி வேண்டியது பத்து.

"கண்ணு முன்னாடி தண்ணிய வச்சுக்கிட்டே இல்லைங்கிறியேம்மா."

அவர் வாயில் மேடம் போய் அம்மா வந்திருந்தது. அவள் கண்டுகொள்ளவில்லை. அலுவலக மேஜையில் அறிக்கையை எழுதிக் கையெழுத்திட்டு நீட்டினாள். மேல் மாடிகள் கூடாது.

அவர் விடவில்லை. போன வருடச் சான்றிதழைக் கோப்பிலிருந்து உருவினார். பன்னிரண்டு அடி, போதுமானது என்று இருந்தது. அவர் இங்கே சேர்ந்து நாலு மாதம்தான். அதில் சீல் இருக்கிறதா என்று பார்த்ததோடு சரி.

அளந்த ஆள் தொட்டித் தரையிலிருந்து அளந்திருக்கிறது, சுத்தத் தப்பு என்றாள் அவள். அந்தத் தப்பை நம்பித்தான் கீழ் மாடிகளில் நூறு பேர் ஒரு வருடமாகத் தூங்குகிறார்கள் என்றாள்.

பிடி கிடைத்துவிட்டது அவருக்கு. அந்த ஆள்மேல் உங்கள் ஆபீசுக்கே புகார் எழுதுவேன், வேலையை விட்டுத் தூக்காமல் ஓயமாட்டேன் என்று குதித்தார்.

எழுத வேண்டியதுதான் என்று அவள் தன் பேனாவையே கொடுத்தாள்.

அவர் வேகமாக நாலு வரி எழுதினார். பெயர் வேண்டியிருந்தது. சான்றிதழின் அடியில் சீலுக்குள் பாதி மறைந்திருந்த கையெழுத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். கடைசி எழுத்துக்கு நீளமாக ஒரு வால்.

பக்கத்தில் கிடந்த இன்றைய அறிக்கையிலும் அதே வால்.

அவர் கையில் பேனா நின்றுவிட்டது.

"இன்ஷியலோட சொல்றேன் சார், எழுதிக்கோங்க" என்றாள் அவள்.