கீழே ஒரு கறுப்பு

“சார், இந்தப் போட்டோவை எடுத்தவர் சரியான மொக்கை!”

கணினியில் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே சொன்னாள் ஸ்டுடியோக்காரி. எதிர் நாற்காலியில், மடியில் குடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெரியவர் திரையை எட்டிப் பார்த்தார்.

“மொக்கைன்னா? எங்க காலத்துல மழுங்கின கத்தியைத்தான் அப்படிச் சொல்வோம்.”

“இப்போ மனுஷங்களும் மழுங்கிட்டாங்க சார். பாருங்க, வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்னு எடுத்திருக்கார். அவர் நிழல் நீளமா வந்து உங்க காலடியில விழுந்து கெடக்கு. ஆனா நீங்க… செம கெத்து!”

“அது நல்லதா, கெட்டதா?”

“நல்லதுதான் சார், பயப்படாதீங்க.”

படத்தில் பெரியவருக்கு முப்பது வயதிருக்கும். பூத்துக் கொட்டிய சரக்கொன்றை மரத்தடியில் கைகளைக் கட்டிக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி நின்றார். தலை நிறைய முடி. படத்தின் ஓரங்கள் மட்டும் பழுத்த இலை மாதிரி ஆகிவிட்டிருந்தன.

‘இந்த வயசுல தன் அழகைத் தானே மாட்டி வச்சுப் பார்க்கணுமாம். ஆசைக்கு ஏது நரை!’ என்று நினைத்துக்கொண்டாள் அவள்.

“இன்னைக்கே வேணும்மா. நாளைக்குக் காலைல வீடு நிறைய ஆளுங்க வருவாங்க. கூடத்துச் சுவர்ல படம் இல்லைன்னா நல்லாருக்காது.”

“வேற நல்ல போட்டோ ஒண்ணும் இல்லையா சார்?”

“வருஷா வருஷம் இந்த மரம் பூத்தா ஒண்ணு எடுக்கறது வழக்கம். வீடு மாத்தறப்ப மழையில ஆல்பம் நனைஞ்சு எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப்போச்சு. மிஞ்சினது இது ஒண்ணுதான்.”

“வருஷா வருஷமா! சாருக்கு ரசிகர் மன்றமே இருந்திருக்கு போல!”

“மன்றமெல்லாம் இல்ல, ஒரே ஆள்தான். அந்த ஆள் கேமராவை இன்னொருத்தர் கையில குடுக்காது. படத்துல விழுந்தா ஆயுசு குறையும்னு ஒரு பயம்.”

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “அப்போ உங்க ஆயுசைக் குறைக்கத்தான் வருஷம் தவறாம எடுத்தாரா? தரமான சம்பவம் சார்!”

“நானும் அதையே சொல்லித்தான் கிண்டல் பண்ணுவேன். ஆனா பாரு, பலிக்கல.”

அவர் சிரித்தார். சிரிப்பு கண் வரைக்கும் போகவில்லை. வாடிக்கையாளர்களின் கண்ணைத் திரையில் மட்டுமே பார்த்துப் பழகியவள் அதைக் கவனிக்கவில்லை.

“சரி, கண்ணைக் கொஞ்சம் தொறந்து விடட்டா?”

“உன் இஷ்டம்.”

“பூவெல்லாம் வெளுத்துப்போச்சு. மஞ்சளை ஏத்தட்டா?”

“ஏத்தேன். ஒரு வாரம் இருந்துட்டுக் கொட்டிப் போற பூ. அதுக்கு எந்த மஞ்சளா இருந்தா என்ன?”

‘தன் படத்துக்கு இவ்வளவு விட்டேத்தியா பதில் சொல்ற ஆளை இப்பத்தான் பார்க்கறேன்’ என்று அவளுக்கு ஆச்சரியம். மஞ்சளை ஏற்றினாள். மரம் நேற்றுப் பூத்ததுபோல் ஜொலித்தது.

“இப்போ பாருங்க. கீழே கெடக்கற இந்தக் கறுப்பை மட்டும் தூக்கிட்டா, வேற லெவல்!”

மவுசை இழுத்தாள். நிழலின் ஒரு முழங்கை காணாமல் போய், அங்கே புல் முளைத்தது.

குடை தரையில் விழுந்தது. பெரியவர் எழுந்து நின்றிருந்தார்.

“தொடாதே! அதைத் தொடாதேம்மா!”

கடையில் காத்திருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பதறிப்போய் ஒரு பொத்தானை அமுக்கினாள். முழங்கை திரும்பி வந்தது.

“வந்துடுச்சு சார், வந்துடுச்சு! எதுக்கு இவ்வளவு டென்ஷன்? அந்த மொக்கை ஆளோட நிழல்தானே. காதுகிட்ட வேற ஏதோ அழுக்கு ஒட்டியிருக்கு. அது இருந்தா உங்க கெத்தே போயிடும்.”

“அழுக்கில்லம்மா. கொன்றைப் பூ. படம் எடுக்கறதுக்கு முன்னால ஒரு கொத்து ஒடிச்சு காதோரம் சொருகிக்கறது வழக்கம்.”

அவள் கை மவுசின் மேலேயே நின்றது. நிழலின் காதோரம் தொங்கிய சின்னக் கொத்து இப்போது இதழ் இதழாகத் தெரிந்தது.

“என்னை எடுத்துடு. மரமும் வேண்டாம்” என்றார் பெரியவர், மெதுவாகக் குனிந்து குடையை எடுத்தபடி. “இந்த நிழலை மட்டும் பெரிசு பண்ணிக் குடு. நாளைக்கு எல்லாரும் என் வீட்டுக்காரியை நினைச்சுத்தான் வராங்க. அவ விழுந்த படம் இது ஒண்ணுதான்.”