ஐந்து தையல்

"கையை இறுக்கிப் புடிங்க சிஸ்டர்," என்றார் டாக்டர்.

வேலைக்குச் சேர்ந்து இரண்டே நாளான நர்ஸ் பிடித்துக்கொண்டாள். நெற்றி கிழிந்த சிறுமி வீறிட்டாள். "விடுங்க ஆன்ட்டி! ஊசி வேணாம்!"

"கத்தணும்னா கத்திக்கோ, ஆடாதே." ஐந்து தையலையும் போட்டு முடித்த பிறகே டாக்டர் நிமிர்ந்தார்.

'மனுஷனா, கல்லா?' என்று நினைத்தாள் நர்ஸ். அவளுடைய மார்புக் கட்டியின் பரிசோதனை முடிவு, பையில் உறை பிரிக்கப்படாமல் கிடந்தது. கடவுளும் கல்தான் என்று மூன்று நாளாக ஜெபத்தையே விட்டிருந்தாள்.

"பாப்பாவோட அப்பாவைக் கூப்பிடட்டுமா டாக்டர்?"

அதற்குள் சிறுமி தாவி, தைத்தவரின் கழுத்தையே கட்டிக்கொண்டு தேம்பினாள். "அப்பா, வீட்டுக்குப் போலாம்ப்பா."

"போலாம்டா கண்ணு." அவர் அவளை அள்ளித் தோளில் சாய்த்துக்கொண்டார்.

நர்ஸ் உள்ளறைக்குப் போய் உறையை எடுத்தாள். பிரிப்பதற்கு முன் கண்களை மூடி, மூன்று நாளுக்குப் பிறகு, "அப்பா" என்றாள்.