பாயும் தலையணையும்

"நம்ம டெஸ்டர் வேலை நேரத்துல தூங்குறாங்க சார். பாய், தலையணையோட!"

டிசைனர் வத்தி வைத்ததும் மேலாளருக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது.

அந்த டெஸ்டருக்கு ஆபீசில் எல்லோரும் வைத்த பெயரே தூங்குமூஞ்சி. இணையத்தில் போடப்போகும் விளம்பரங்களை முதலில் பார்ப்பது அவள் வேலை. பளிச் பளிச்சென்று வேகமாக மின்னினால் பார்க்கிறவர்களில் சிலருக்கு வலிப்பு வந்துவிடும். அப்படிப்பட்டதை அவள் தடுக்க வேண்டும்.

கதவைச் சாத்திக்கொண்டு பார்ப்பாள். சில நாள் ஒரு மணி நேரம் கழித்துத்தான் வெளியே வருவாள், முகமெல்லாம் வீங்கி, கால் தள்ளாட. "இது வேண்டாம் சார்" என்பாள். தூங்கி எழுந்த முகம் யாருக்குத் தெரியாது?

முன்பு விளம்பரம் மின்னும் வேகத்தை அளக்க ஒரு மென்பொருள் இருந்தது. வீண் செலவு என்று ஆறு மாதம் முன்பு நிறுத்தியவர் மேலாளர்தான். அன்றே அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"கண்ணு இருக்குல்ல? பார்த்துச் சொல்லு. முடியாதுன்னா இப்பவே சொல்லிடும்மா, வேற ஆள் பார்த்துக்கறேன்."

அவள் தலையாட்டினாள். வீட்டில் அவள் ஒருத்தி சம்பளம்தான். வேறென்ன செய்வாள், பாவம்?

அதற்கப்புறம் ஒரு புகார்கூட வரவில்லை. மீட்டிங் தவறாமல் மேலாளர் மார்தட்டிக்கொண்டார். "மென்பொருளாவது, மண்ணாவது! பார்த்தீங்களா, என்ன குடி முழுகிப்போச்சு?"

இப்போது விறுவிறுவென்று போய்க் கதவைத் தள்ளினார்.

நாற்காலி மூலையில் கிடந்தது. கம்ப்யூட்டர் திரை தரையில் இருந்தது. அதன் எதிரே பாய், சுற்றிலும் தலையணைகள். நடுவில் ஒருக்களித்துப் படுத்தபடி அவள் விளம்பரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பலே! மகாராணி படுத்துக்கிட்டேதான் வேலை பார்ப்பீங்களோ?"

அவள் பதறி எழுந்தாள். நெற்றியில் பிளாஸ்திரி.

"நாற்காலி என்ன, முள்ளா குத்துது?"

"போன வாரம் வரைக்கும் அதுலதான் சார் உட்கார்ந்து பார்த்தேன்."

"அப்புறம் என்ன கேடு?"

அவள் பிளாஸ்திரியைத் தொட்டுக்கொண்டாள்.

"எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே வலிப்பு உண்டு சார். பார்க்கும்போது வந்துடுச்சுன்னா, அந்த விளம்பரம் வேண்டாம்னு நிறுத்திடுவேன். நாற்காலிலேர்ந்து விழுந்தா தலையில அடிபடுது... அதான் பாய்."