ஊரே தூக்கிய கை

"தாகத்திற்குச் சாதி இல்லை. ஊர்க்கிணற்றைச் சேரி மக்களுக்கும் திறந்துவிடுவேன்." இந்த ஒரே வாக்குறுதியோடு கை தூக்கி வாக்களிக்கும் பஞ்சாயத்து போர்டுத் தலைவர் தேர்தலில் நின்றார் செல்லப்பாண்டி. தேவாரம் என்ற ஊரிலிருந்து வந்து, ஊருக்கு வெளியே தோட்டத்தில் குடியேறி அவருக்கு ஓராண்டுகூட ஆகவில்லை.

"பொழைக்க வந்த ஆளுக்கு யாரு கை தூக்குவாக?" என்றாள் மனைவி சந்தனம்மாள்.

"நியாயத்துக்குத் தூக்குவாக."

தேர்தலன்று ஊர் மந்தைத் திடலில், எதிர்த்து நின்ற பண்ணையார் மொக்கைச்சாமியே செல்லப்பாண்டிக்கு முதல் கையைத் தூக்கினார். அவரைப் பார்த்து, மேல்சாதியார் வாழும் மேலத்தெரு முழுவதும் தூக்கியது. செல்லப்பாண்டி கூட்டத்தைப் பார்த்துக் கைகூப்பினார். நூற்றாண்டுகளின் இழிவு ஒரே பகலில் ஒழிந்ததென்று நம்பினார்.

மறுநாள் காலை, சேரியிலிருந்து வந்த பஞ்சம்மாள் வாழ்நாளில் முதன்முறையாக அந்தக் கிணற்றில் வாளியை இறக்கினாள். கயிறு முழுவதும் உள்ளே போயிற்று. வாளி பாறையில் மோதும் ஓசை மட்டுமே கேட்டது.

"என்ன ஆத்தா?" என்றார் அருகில் நின்ற செல்லப்பாண்டி.

"ஈரங்கூட இல்ல சாமி."

சற்றுத் தள்ளி நின்ற மொக்கைச்சாமி நிதானமாகச் சொன்னார்: "தேர்தலுக்கு முந்தியே மேலத்தெருவுக்குன்னு மேக்க ஆழமா ஒரு கிணறு வெட்டிட்டோம், பிரசிடெண்டு. ஊத்து பூராம் அங்கன திரும்பிருச்சு. இது இனி அவிங்களுக்கே இருக்கட்டும்."

பஞ்சம்மாள் வாளியை மேலே இழுத்து, மறுபடியும் இறக்கினாள்.